பருப்பு வேகாத தண்ணீர்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி நீ போட்ட இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. என் நலத்தை அறிய அவ்வளவு ஆவல் இருந்தால், ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் வந்து பார்த்திருக்கலாம். நீ வரவில்லை. அதனால் நானும் அந்த வரியை எழுதப்போவதில்லை. ஆவணியில் கல்யாணம், பெண்ணுக்கு நர்ஸ் வேலை, மண்டபம் காளவாசல் பக்கம் என்று இரண்டு பக்கத்துக்குச் சந்தோஷமாக எழுதிவிட்டு, மடித்து ஒட்டுகிற மூலையில், இடம் போதாதவன் போலப் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை தண்ணீரைச் சோதிக்க அதிகாரி கண்மாய்க்கு வருகிறார், நீங்கள் கரைப்பக்கம் வரவேண்டாம், காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று. நீ கடிதம் போட்டதே அந்த மூன்று வரிக்காகத்தான். பெற்றவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று தபாலில் எழுதிக் கேட்ட பிள்ளையை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

எனக்குக் காய்ச்சல் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், கூட்டி வாசித்துக்கொள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் கொடு, வீட்டுக்கு வருமுன் அவளும் தெரிந்துகொள்ளட்டும். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால் நீ அதைத்தான் எடுத்து வீசுவாய். போன பொங்கலுக்கு வந்தபோது வீசியும்விட்டாய். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொன்னாய்: "கொலவ போட்டு வரவேத்தது நீதானம்மா. இப்ப என்ன புதுசா நாயம் பேசுற?" அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஆமாம், நான்தான் குலவை போட்டேன். மழை இரண்டு வருஷம் ஏமாற்றிய காலம் அது. உன் அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். கண்மாய்க்குள் ஆடு படுத்துக் கிடந்தது. வரத்து வாய்க்காலில் வருஷத்தின் முதல் தண்ணீர் வந்தால், பொம்பளைகள் மஞ்சளும் பூவும் கொண்டுபோய்ப் போட்டுக் குலவையிட்டுத்தான் கண்மாய்க்குள் விடுவோம். எங்கேயோ பெய்த மழை நம்மைத் தேடி வந்திருக்கிறது, அதை வாவென்று சொல்லாமல் விடக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அந்தப் பங்குனியில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். அடுப்பில் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேச்சியும் என்கூட ஓடி வந்தாள். உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, உனக்கு அத்தை முறை, கையகல நிலமில்லாமல் ஊரார் வயலில் நாற்று நட்டுப் பிழைக்கிறவள். தண்ணீர் முழ அகலத்துக்கு நெளிந்து வந்தது. அதன்மேல் நுரை, நுரைக்கு அடியில் ஒரு ஊதா நிறம். பேச்சிக்குத்தான் முதலில் தோன்றியது.

"மதினி, தண்ணி நெறம் ஒரு மாதிரியா இருக்கே" என்றாள்.

"எந்த நெறமா இருந்தா என்னடி, தண்ணி வருதா இல்லையா? கொலவையப் போடு" என்றேன் நான்.

போட்டோம். இருபது பொம்பளைகள் தொண்டை வற்றக் குலவையிட்டோம். ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கண் எரிந்தது. மஞ்சள் பட்ட கை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள்தான் விவரம் தெரிந்தது. செல்லூர்ச் சந்துக்குள் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், இடம் போதாமல் வாய்க்காலுக்கு மேற்கே நிலம் வாங்கி, ஆழமாக போர்வெல் போட்டு, பட்டறையைத் தொடங்கியிருந்தார். நூல் அலசிய தண்ணீர்தான் நமக்கு வந்தது. மனுஷன் நேரில் வந்து, வேண்டாம் என்றால் சொல்லுங்கள், ஓடைப்பக்கம் திருப்பிவிடுகிறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மடைக்கு முதல் வயல் நம்முடையது, முதலில் தலையாட்டியவளும் நான்தான். பொய் சொல்லமாட்டேன், அந்த வருஷம் பயிர் தப்பியது. நீ ஸ்கூலுக்குப் போட்டுப்போன சட்டை அந்த நெல்லில் வாங்கியது.

அப்புறம் மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, ஊதா நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். பட்டறை ஒன்று மூன்றானது. நாற்றங்காலில் பயிரின் நுனி கருக ஆரம்பித்தது. வயல் காய்ந்தால் உப்புப் பூத்தது. அயிரையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. நடவு வயலில் நிற்கிற பொம்பளைகளுக்குக் கணுக்காலுக்குக் கீழே தோல் வெளுத்து உரிந்தது. பேச்சி வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு வயலில் இறங்குவாள், சாயங்காலம் குதிகாலை ஊன்றாமல் விரல்நுனியில் வீட்டுக்கு நடப்பாள். கண்மாயை நம்பியிருந்த கிணறுகளும் கெட்டன. அதற்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. ஊரில் ஒரு வீட்டிலும் பருப்பு வேகவில்லை. காலையில் அடுப்பில் போட்ட துவரம்பருப்பு உச்சிப்பொழுது வரை கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும், மத்தை வைத்தால் கடகடவென்று தட்டும். விறகு தீர்ந்ததுதான் மிச்சம்.

நம் வீட்டில் மட்டும் வெந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். கண்மாயின் வடமேற்கு மூலையில், கருவேல முள் அடைந்து கிடக்கிற பாறைச் சரிவுக்கு அடியில் இருக்கிற ஊற்று. கல்யாணமாகி வந்த புதிதில் புல்லறுக்கப் போனபோது உன் அப்பா காட்டியது. கண்மாய் முழுக்கப் பெருகுகிற ஒன்றிரண்டு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் பாறைக்குள்ளிருந்து கசிந்து ஒரு அண்டா அளவுக்குத் தெளிந்து நிற்கும். களை எடுக்கிற நாளில் உன்னையும் அங்கே கூட்டிப்போவேன். முள்ளை வளைத்து, அது திரும்ப வந்து முகத்தில் அடிக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும் என்று உனக்குச் செய்து காட்டியவளும் நான்தான். ஊர்த் தண்ணீர் கெட்டபிறகு, விடிந்தும் விடியாமலும் போய் ஒரு குடம் எடுப்பேன். குடத்தின் வாயில் அறுத்த புல்லைப் போட்டு மூடிக்கொண்டு வருவேன். ஒரு வீட்டுக்குக் காணும், நாற்பது வீட்டுக்குக் காணாது என்று கணக்குப் போட்டேன். நாற்பது வீட்டுக்கு வேண்டாம், பேச்சி வீட்டுக்கு அரைக்குடம் கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் அவள் நம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். குழம்பு வாசனை வந்தது.

"மதினி, உங்க வீட்டுல மட்டும் எப்படி பருப்பு வேகுது?"

"சோடா உப்பு போடுறேன்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பாவி, அவள் அதை நம்பினாள். கடையில் சோடா உப்பு வாங்கி, கால் கரண்டி போட்டு வேகவில்லை, அரைக் கரண்டி போட்டு வேகவில்லை என்று எம்புட்டுப் போடணும் மதினி என்று என்னிடமே வந்து கேட்டாள். உப்புக் கரித்த அந்தப் பருப்பைத்தான் தன் பிள்ளைகளுக்குப் போட்டாள். சாயத் தண்ணீரைக் கூப்பிட்டது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்றாய், படி என்றேன். பெல்பாட்டம் பேண்ட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து நீ பஸ்ஸுக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்ல நம் ஊரிலிருந்தே ஒருத்தன் படித்து வருகிறான் என்று பேச்சியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ படித்து முடித்து, நேராக அந்தப் பட்டறையிலேயே போய் உட்கார்ந்தாய். அதையும் பொறுத்தேன். உள்ளே நம் ஆள் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன், மடச்சி. கேட்டபோதெல்லாம், "கழிவத் தொட்டியில தேக்கி, தெளிய வச்சுத்தாம்மா விடுறோம், சும்மா பொலம்பாத" என்றாய். அந்தத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். உள்ளே காய்ந்த எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

போன வருஷம் ஊர்க்காரர்கள் மனு எழுதிப்போட்டு, முதல் அதிகாரி வந்தார். வெயில் என்று ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பட்டறையின் ஆள் என்ற முறையில் பாட்டில்களை வாங்கிக்கொண்டு நீதான் கண்மாய்க்குள் இறங்கினாய். கருவேலங்காட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தாய். உன் சட்டைக் கையில் முள் கிழித்திருந்ததைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். பிள்ளை ஊருக்காக முள்ளுக்குள் போய் வருகிறான் என்று ஒருவர் சொல்லக்கூடச் செய்தார். இரண்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று சாவடியில் சத்தமாகப் படித்தார்கள். பேச்சி தன் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தப்பு தன் காலில்தான் இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எனக்குச் சந்தேகமே இல்லை. பாட்டில்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நீ போன மறுநாள் காலையிலேயே ஊற்றுக்குப் போயிருந்தேன். முள் வளைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கல் இருந்தது. வேறு யாரும் அப்படி வைக்கமாட்டார்கள், வெட்டிவிட்டுப் போவார்கள். தாகத்துக்குக் குடி என்று நான் காட்டிய தண்ணீரை, ஊரின் வாயை அடைப்பதற்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். திருடன் வீடு தெரியாமல் சுவரில் கன்னம் வைப்பான். நீ வீட்டுக்குள் பிறந்து வளர்ந்து, சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு திருடினாய். உன்மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்னும் குறையவில்லை. அம்மா மனசு ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

ஆனால் காகிதம் படித்த அன்று சாவடியில் நான் எழுந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊற்று எங்கே என்று கேட்பார்கள், இத்தனை வருஷமாக நீ குடித்தாயா என்று கேட்பார்கள், பேச்சி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். உன் பொய் ஒரு வருஷம் உயிரோடு இருந்ததற்கு என் வாய்தான் காரணம். இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல இவன் எங்கே பழகினான் என்று பல நாள் யோசித்தேன். அடுப்படியில் சோடா உப்பு என்று நான் சொன்ன அன்று, நீ உள்ளே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

பேச்சி சும்மா இருக்கவில்லை. படிப்பறிவில்லாதவள், கால் புண்ணோடு, நடவுப் பொம்பளைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். மனு எழுதத் தெரியாது. விடிகாலையிலிருந்து கண்மாய்த் தண்ணீரில் கொதிக்கவைத்த பருப்பைத் தூக்குவாளியில் கொண்டுபோய், புதிதாக வந்த அதிகாரியின் மேஜையில் வைத்தாளாம். "தகுந்த தண்ணின்னு எழுதியிருக்கீகளாமே, இதத் தின்னு பாருங்கய்யா" என்றாளாம். அந்த மனுஷன் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறவர் அவர்தான். விதிப்படி பட்டறை ஆள்தான் மொள்ள வேண்டுமாம், ஆனால் இந்தத் தடவை பாட்டிலை அவரே கொண்டுவந்து, ஊர் பார்க்க வெறும் பாட்டிலாகத்தான் உன் கையில் கொடுப்பாராம். மறுபடியும் நீ ஊற்றுக்குத்தான் போகவேண்டும், அது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பயந்துதானே எனக்குக் காய்ச்சல் வரவழைத்தாய்? இந்தத் தண்ணீர் நல்லது என்று இரண்டாவது காகிதமும் வந்துவிட்டால், மூன்றாவது முறை எந்த அதிகாரியும் வரமாட்டார். அதோடு கண்மாய் முடிந்தது, பேச்சியின் கால் முடிந்தது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். வரப்போகிறவள் நர்ஸ் என்கிறாய். புண் பார்க்கத் தெரிந்தவள். அவளைப் பேச்சி வீட்டுக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு வா, அந்தக் காலைக் கழுவிக் கட்டுப்போடச் சொல். எதனால் வந்தது என்று அவள் கேட்டால் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். அவளிடம் முதல் பொய்யைச் சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டில் தினமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும், புல்லைப் போட்டு மூடிய குடத்தோடு அத்தனை வருஷம் நடந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு உங்களை டவுனுக்கு அழைத்துப்போகிறேன், குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர் வரும் என்று ஆசை காட்டியிருக்கிறாய். ஒரு வீட்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும் என்று நினைத்துத்தான் நான் கெட்டுப்போனேன். அந்த நினைப்பை நீயாவது விடு.

வெள்ளிக்கிழமை நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே பேச்சி வீட்டுக்குத்தான் போகிறேன். ஊற்றையும் சொல்வேன், சோடா உப்பையும் சொல்வேன். அவள் என் முகத்தில் துப்பினால் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலையில், ஜீப் வருவதற்கு முன்னால், அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி அந்த முள்ளை முழுக்க வெட்டிச் சாய்க்கப்போகிறேன். குடிக்கிற தண்ணீருக்குள் நம் ஊரில் யாரும் கால் வைத்ததில்லை, குழந்தைகூட வைக்காது. நான் வைக்கப்போகிறேன். இரண்டு காலையும் அந்த ஊற்றுக்குள் வைத்து, சேறு கலங்க நிற்கப்போகிறேன்.

நீ பாட்டிலை வாங்கிக்கொண்டு பட்டறைத் தண்ணீர் கொட்டுகிற வாய்க்கால் வாய்க்குப் போனால், நான் ஏறி வந்துவிடுவேன், போனதை எடுத்து உன்னை ஒரு வார்த்தை குத்தமாட்டேன். என் பக்கம் வந்தால் என் காலடியில் குனிந்துதான் நீ மொள்ள வேண்டும். கல்யாணத்தன்று பாதபூஜை என்று என்னைத் தாம்பாளத்தில் நிறுத்தி, காலைக் கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வாய் அல்லவா? அதற்கு ஆவணி வரை காத்திருக்க வேண்டாம். அதிகாரியும் ஊரும் பேச்சியும் பார்க்க அங்கேயே செய்துவிடு. அப்புறம் மண்டபத்துக்கு நான் வரவேண்டிய வேலை இருக்காது.